தேன்பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

அந்தச் சனிக்கிழமை காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதித் தேங்காய் முடிந்த பிறகுதான் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே, மாமரத்தடியில் இருந்த தேன்பெட்டியிலிருந்து வரும் இரைச்சல். மூன்று மாதமாகக் கேட்டுப் பழகியதால் இருக்கும்போது அது காதில் விழுவதேயில்லை.

கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவோடு எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டி வாசலில் ஒரு பூச்சியும் இல்லை. வழக்கமாக மூடியை என் வீட்டுக்காரர்தான் திறப்பார். இவர் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நானே திறந்தேன்.

உள்ளே சட்டங்களில் மெழுகு வதைகள் அப்படியே தொங்கின. தேன் இல்லை. குஞ்சுகள் இருக்கவேண்டிய கண்ணறைகள் காய்ந்து கிடந்தன. கூட்டத்தோடு போகத் தவறிய பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் மட்டும் வதையின் மேல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். பூச்சிகள் போய்விட்டனவே என்ற கவலை எனக்கு முதலில் வரவில்லை. இனி இவரும் போய்விடுவார் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

நாற்பது நாள் மனிதர்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் கட்டாரில் வேலை செய்தவர். பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களைப் பொருத்துவது வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளும் முடியும், நான் மறுபடி என் பாட்டில் இருப்பேன்.

நான் செங்கலடிக்குக் கிட்ட, ஆற்றோரத்து ஊரொன்றின் நூலகத்தில் வேலை செய்கிறேன். ஆறு என்று நாங்கள் சொல்வதை வெளியூர்க்காரர் வாவி என்பார்கள். வீடு என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. ஆண் கல்யாணம் முடித்து அங்கே வந்து குடியிருப்பான். எங்கள் ஒரே மகனும் அப்படித்தான், மனைவி வீட்டோடு களுவாஞ்சிகுடியில் இருக்கிறான்.

போன மாரியில் இவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வந்தவர் முன் விறாந்தையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். எழுந்தால் என்னிடம் கேட்டுத்தான் எதையும் எடுப்பார். சுத்தியல் எங்கே, இந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாமா, இந்தத் துவாய் யாருடையது. நான் நூலகத்துக்குப் போகும்போது வாசல்வரை வந்து நிற்பார். திரும்பி வரும்போதும் அங்கேதான் நிற்பார்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவர் வந்தது எனக்குக் களைப்பாக இருந்தது. தனியாக இருந்தபோது பாணும் சம்பலுமாக முடிந்த இரவுச் சாப்பாடு இப்போது சோறும் மூன்று கறியுமாயிற்று. வேலை விட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும் அந்த அரைமணி நேரம் போய்விட்டது. இத்தனை வருடமும் வரமாட்டாரா என்று ஏங்கியவள் நான்தான். வந்த பிறகு அலுத்துக்கொண்டவளும் நான்தான்.

அதற்குள் ஏறாவூரிலிருந்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் தம்பி அழைக்கத் தொடங்கினார். நல்ல மரியாதையான பிள்ளை. பழைய கம்பனிக்கே அனுபவமுள்ள ஆட்கள் தேவையாம், ஏணியில் ஏறும் வேலையில்லையாம், மேற்பார்வை மட்டும்தானாம். ஆவணிக்குள் முடிவு சொன்னால் போதும் என்றார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இஞ்ச எனக்கு என்ன வேல கிடக்கு? ஆவணி மட்டும் பாப்பம். ஒண்டும் சரிவரல்லெண்டா போறன்."

இவரோடு இருப்பது களைப்புத்தான். மறுபடியும் இவர் இல்லாமல் இருப்பதை நினைத்தபோது அதைவிடக் களைப்பாக இருந்தது.

கரடியனாற்று வகுப்பு

நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி ஒரு காகிதம் வந்தது. வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்ப்பது பற்றி கரடியனாற்றில் இரண்டு நாள் வகுப்பு. ஒட்டுவதற்கு முன்பே இவருடைய பெயரைக் கொடுத்துவிட்டேன். வந்து சொன்னபோது ஏன் என்று கூட இவர் கேட்கவில்லை. நான் சொன்ன எதற்கும் இவர் மறுப்புச் சொன்னதில்லை.

பதுளை வீதியில் பஸ் ஏறிப் போனார். இரண்டாம் நாள் பின்னேரம் வரும்போது கையில் ஒரு கொப்பி இருந்தது. இவருடைய கையெழுத்தை ஆரம்ப காலத்துக் கடிதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அதே குண்டு குண்டான எழுத்து. பெட்டியை நிழலில் வைக்கவேண்டும், வாசல் காலை வெயில் பக்கம் பார்க்கவேண்டும், தாங்கியின் கால்கள் தண்ணீருக்குள் நிற்கவேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்.

பழைய கட்டிலின் கால்களை அறுத்துத் தாங்கி செய்தார். நாலு காலுக்கும் நாலு பால்மாப் பேணிகள், அவற்றில் தண்ணீர். எறும்புக்குத் தேன் பெட்டி என்றால் கல்யாண வீடு மாதிரி. தண்ணீர் வற்றிய ஒரே நாளில் வரிசை கட்டி ஏறிவிடும். காலையில் முகம் கழுவும் முன்பே இவர் பேணிகளை நிரப்பிவிடுவார்.

முதல் கூட்டத்தைத் தந்தவர் கரடியனாற்றில் கணபதிப்பிள்ளை அண்ணன் என்ற விவசாயி. வகுப்பில் பழக்கமானவர். விழுந்த மரப் பொந்தொன்றிலிருந்து எடுத்துப் பழக்கி வைத்திருந்த கூட்டம். பெட்டியைச் சாக்கில் கட்டி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் இவர். ஓட்டோக்காரர் செங்கலடிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக்குக் கூட நிறுத்தமாட்டேன் என்றாராம். எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, மீதிச் சில்லறையையும் தராமல் திரும்பிப் போனார்.

இரண்டாம் நாளே எனக்கு இமையில் கொட்டியது. ஒற்றைக் கண்ணோடு நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்துக்கு முத்திரை குத்தினேன். வாசகர் எல்லாரும் வந்து விசாரித்துவிட்டு, புத்தகம் எடுக்க மறந்து போனார்கள். இவருக்கும் கொட்டும். கையை உதற மாட்டார். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். வெயிலில் தகரம் பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு நோவா என்பார்.

வேம்பு பூத்தது. பிறகு ஆற்றோரத்துக் கண்டல் மரங்கள் பூத்தன. பின்னங்காலில் மஞ்சள் உருண்டை ஒட்டிக்கொண்டு பூச்சிகள் வந்து இறங்குவதை இவர் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பார். ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைக்குப் பெட்டியில் நடந்ததைச் சொல்லுவார். இருபத்திரண்டு வருடத் தொலைபேசிப் பேச்சில் சேராத அளவு வார்த்தை அந்த இரண்டு மாதத்தில் இவரிடமிருந்து வந்தது. முன் விறாந்தைக் கதிரை காலியாகக் கிடந்தது. ஏஜென்ட் அழைத்தால், பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிடுவார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன், ஆவணி வந்தாலும் பயமில்லை என்று.

மலர் அக்கா சொன்னது

பக்கத்து வளவு மலர் அக்கா நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் பெரிது. ஒரு வியாழக்கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பூச்சிகா! போத்தல் போத்தலா எடுப்பீங்கபோல" என்றாள்.

கண்ணூறு மாதிரி வாயால் விழுகிற நாவூறு இல்லாமல் அது வேறென்ன?

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். இவர் முதன்முதலாகப் பயணம் போன கிழமை நான் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இவர் சுகமாக இருக்கவேண்டும், ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் வீடு வளவெல்லாம் புகை காட்டுகிறேன் என்று. ஒரு வெள்ளி தவறியதில்லை. மழையில் காட்டியிருக்கிறேன், காய்ச்சலோடு காட்டியிருக்கிறேன். வெள்ளம் வந்து முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கிணற்றடிவரை போனவள் நான். அங்கே கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து இவரோடு நின்றவர்களுக்கு அடிபட்டபோது இவருக்கு ஒரு கீறலும் இல்லை. அது என் புகைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆகவே மலர் அக்கா வாயைத் திறந்த மறுநாள், புகைத்தட்டை மாமரத்தடிக்கும் கொண்டு போனேன். சிரட்டைத் தணலில் சாம்பிராணி, வேப்பிலை, வெண்கடுகு, நாவூறுக்கென்று மூன்று செத்தல் மிளகாய். பெட்டி வாசலில் தட்டை வைத்து, விசிறியால் விசிறி, புகை உள்ளே நன்றாகப் போகும்வரை நின்றேன். மூடி திறக்கும்போது இவரும் தேங்காய்ப் பொச்சுமட்டையில் கொஞ்சம் புகை காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்குப் புகை பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். என்னுடையது சாமிப் புகை, இன்னும் நல்லது.

இவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் இருமல் வந்தது.

அடுத்த வெள்ளியும் காட்டினேன். அதற்கடுத்த வெள்ளியும். அந்த நாட்களில் இவருடைய பேச்சு குறைந்தது. பெட்டியடியில் நெடுநேரம் நிற்பார், வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். ஒரு நாள் ஏஜென்ட் அழைத்தபோது போனை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டி ரோட்டுக்குப் போய்ப் பேசினார். மனம் அங்கே போய்விட்டது என்று நினைத்தேன். பயத்தில் நாலாவது வெள்ளி இன்னும் இரண்டு மிளகாய் கூடப் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

மரத்தடியில்

இவர் பாணோடு வந்தார். மரத்தடியில் என்னைப் பார்த்ததும் பாணைத் தாங்கியின் மேல் வைத்துவிட்டு உள்ளே குனிந்தார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"போயிற்றுதுகள்" என்றார்.

மலர் அக்காவின் வாயைப் பற்றி நான் தொடங்கினேன். இவர் கை காட்டி நிறுத்தினார்.

"மூண்டு கிழமைக்கு முதலே எனக்குத் தெரியும்கா. பூந்தூள் கொண்டு வாறத நிப்பாட்டிற்றுதுகள். ராணி முட்ட போடல்ல. வெளிக்கிடப் போகுதுகள் எண்டு விளங்கிற்று."

"ஏன் வெளிக்கிட்டதுகள்?"

என் கையிலிருந்த மூடியை வாங்கிப் பெட்டியில் வைத்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், புகை என்று.

பூச்சிக்குப் புகை என்றால் காட்டில் நெருப்பு. புகை மணத்ததும் இருக்கிற தேனை வயிறு நிறையக் குடித்துவிட்டு ஓடத் தயாராகும். மூடி திறக்கும்போது ஒரு ஊது, இரண்டு ஊது என்றால் சமாளித்துக்கொள்ளும். கிழமைக்குக் கிழமை வாசலை அடைத்து, அதுவும் மிளகாயோடு என்றால், இந்த இடம் வாழ்கிறதுக்கு ஆகாது என்று கிளம்பிவிடும். வகுப்பில் முதல் நாளே சொன்னார்களாம். கொப்பியில் எழுதியும் இருக்கிறதாம்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது எனக்காக நீ வெச்ச நேத்தி. உன்ட வீட்டு வழம. வந்து போற நான், வேணாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இதை இவர் கோபத்தில் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. சுத்தியல் எங்கே என்று கேட்கும் அதே குரல். பாணை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அங்கேயே இருந்தேன். மலர் அக்கா வீட்டில் விடிந்தால் சண்டை. அவள் புருசன் ஒரு கதை சொன்னால் அவள் நாலு கதை சொல்லுவாள். எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக ஒரு சத்தம் இல்லை என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளி வீட்டுக்காரியோடு சண்டை பிடிக்க மாட்டார் என்பது இப்போதுதான் புரிந்தது. தன் கையால் வளர்த்த பூச்சிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் நிற்பாரே தவிர, என்னிடம் ஒரு சொல் சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர் ஆவணிக்குப் பிறகு இங்கே எதற்காக இருக்கப் போகிறார்?

இரண்டாவது கூட்டம்

கரடியனாற்றுக்கு நான்தான் போன் எடுத்தேன். கணபதிப்பிள்ளை அண்ணன் சிரித்தார். முதல் கூட்டம் யாருக்கும் நிற்காதாம், அவருக்கு மூன்று போனதாம். வெயில் காலம், பூ இல்லை, இப்போது வைத்தால் சீனி கரைத்த பாணி கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும், சம்மதமென்றால் வா என்றார்.

லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வெயில் காலத்துக் கச்சான் காற்று பஸ் ஜன்னலால் வந்து முகத்தில் மண்ணை அடித்தது. இவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இழுத்து மூடப் பார்த்தார், அது இறுகிக் கிடந்தது, விட்டுவிட்டார். திரும்பும்போது ஓட்டோவில் சாக்கு இருவர் மடியிலும் பாதி பாதியாக இருந்தது. உள்ளே அதிர்வது என் தொடையில் தெரிந்தது.

பழைய வதைகளை வெட்டி எறிந்து, பெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்திருந்தார். ராணி வெளியே போகாதபடி வாசலில் சின்னத் தகடொன்றை நாலு நாள் வைத்தார். காலையும் மாலையும் சிரட்டையில் சீனிப் பாணி. இவர் வேலை செய்வதைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏஜென்ட் தம்பியும் அழைத்திருந்தார். இந்தக் கிழமைக்குள் பாஸ்போர்ட் கொண்டு வந்து தரவேண்டுமாம். யோசிச்சுச் சொல்றன் என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது. பூச்சிகள் நின்றாலும் இவர் நிற்பாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நேர்த்தியை விட எனக்கு மனமில்லை. இந்தக் கிழமை முடிவாகப் போகிறது என்னும்போது விடவும் முடியாது. மிளகாய் போடவில்லை, கடுகு போடவில்லை. வெறும் சாம்பிராணி. வீட்டுக்குள் காட்டினேன், கிணற்றடியில் காட்டினேன். மாமரத்தடிப் பக்கம் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றேன். அவ்வளவு தூரத்தில் நின்று மரத்துக்கு மட்டும் ஒருமுறை காட்டினால் என்ன வந்துவிடும் என்றிருந்தது.

கச்சான் காற்றை நான் யோசிக்கவில்லை. தட்டிலிருந்த புகை முழுக்கத் தாழ்வாகப் படர்ந்து நேரே பெட்டியை நோக்கிப் போனது.

பெட்டியடியில் பாணிச் சிரட்டையோடு குந்தியிருந்த இவர் எழுந்தார். தேய்ந்த முழங்கால்காரர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் கண்டதில்லை.

"அங்கால கொண்டு போ."

மரத்துக்குத்தான் காட்டுகிறேன், பெட்டிக்கு இல்லை என்றேன்.

"காத்து எங்க அடிக்கிதெண்டு உனக்குத் தெரியல்லயா? ஒருக்காப் போனது போதாதா? கொண்டு போ எண்டுறன்."

அது வளவு முழுக்கக் கேட்ட குரல். வேலிக்கு அந்தப் பக்கம் மலர் அக்காவின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடியற்காலையில் எழுந்து சமைத்து, நாள் முழுக்க நூலகத்தில் நின்று, வந்து குளித்துவிட்டு, யாருக்காக இந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்?

"என்ட வீட்டில எங்க புக காட்டுறதெண்டு நீங்க எனக்குச் சொல்லத் தேவல்ல" என்றேன்.

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லியாயிற்று. இனி இவர் பேசாமல் உள்ளே போவார், அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுப்பார்.

இவர் உள்ளே போகவில்லை. சீனிப் பாணி ஒட்டிய கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு, எனக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"வீடு உன்ட. பூச்சி என்ட. இந்தப் பூச்சிக்குக் கிட்டப் புகையோட வரப்படாது, சொல்லிற்றன்."

கல்யாணம் முடித்து வந்த இத்தனை வருடத்தில் இந்த வளவில் ஒன்றைத் தன்னுடையது என்று இவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விடவில்லை. அப்படியென்றால் உங்கள் தேத்தண்ணியையும் நீங்களே ஊற்றிக் குடியுங்கள் என்று நானும் சத்தமாகவே சொல்லிவிட்டு, தட்டோடு திரும்பி நடந்தேன். பின்னால் இவர் இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் நின்றார்.

அன்று பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் கதைக்கவில்லை. இவர் குசினிக்கு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், கண்ணில் பட்ட கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குக் கோபம் தீரவில்லை. களைப்பும் தீரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஐந்து மாதமாக இருந்த பயம் போய்விட்டது. மறுநாள் ஏஜென்ட் தம்பி அழைத்தபோது இவர் படலையைத் தாண்டாமல், எனக்குக் கேட்க முற்றத்தில் நின்றே பேசினார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.